வரப்போகும் விமானங்களை நம்பிக் கையெழுத்திடலாமா? அமெரிக்கப் பிராந்திய விமானிகளின் ஒப்பந்தக் கணக்கு

அமெரிக்காவில் நடுத்தர நகரம் ஒன்றுக்குப் பறந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். விமானத்தின் வாலில் டெல்ரா என்றோ அமெரிக்கன் என்றோ நிறம் தீட்டியிருக்கும். பயணச்சீட்டில் மட்டும், சின்ன எழுத்தில், இதை இயக்குவது என்வொய் என்றோ ஸ்கைவெஸ்ட் என்றோ இன்னொரு பெயர் இருக்கும். இவைதான் பிராந்திய விமானக் கம்பனிகள். பெரும்பாலும் 50 முதல் 76 ஆசனங்கள் கொண்ட ஜெற் விமானங்களை, பெரிய நிறுவனங்களின் பெயரில், அவற்றுக்காக ஓட்டுகின்றன.

அப்படியொரு கம்பனியில் துணை விமானியாக இருக்கும் நண்பரின் மகன் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். அவர்களுடைய தொழிற்சங்கம் புதிய ஒப்பந்தமொன்றை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தது. சம்பள உயர்வு சொற்பம். அதற்குப் பதிலாகப் புதிய விமானங்கள் வரும், கம்பனி வளரும் என்கிறார்கள். "மாமா, நீங்கள் கணக்காளர்தானே, இதைக் கணக்காகப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றான். நான் விமானத் துறை ஆள் அல்ல. ஆனால் பார்க்கப் பார்க்க, எங்கள் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் ஒருநாள் எதிர்கொள்ளக்கூடிய கணக்காகவே இது தெரிந்தது.

முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பயணச்சீட்டை விற்பது பெரிய நிறுவனம். அந்தப் பணம் அதற்கே. எரிபொருள் செலவும் பொதுவாக அதன் தலையில்தான். பிராந்தியக் கம்பனிக்குக் கிடைப்பது ஒவ்வொரு பறப்புக்கும், பறந்த மணித்தியாலத்துக்கும் முன்கூட்டியே பேசி எழுதிய கட்டணம். ஆசனம் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் தொகை ஒன்றுதான். வருமானத்தைக் கூட்ட வழி குறைந்த கம்பனி செலவைக் குறைத்துத்தான் இலாபம் காண வேண்டும். விமானமே பல வேளைகளில் பெரிய நிறுவனத்தின் சொத்து என்பதால், கைவைக்கக்கூடிய பெரிய செலவு ஆட்களின் சம்பளம்.

அடுத்தது சேவை மூப்பு. சம்பளம், கப்டன் பதவி, விடுமுறை, எந்த நாளில் எந்தப் பறப்பு என்பதெல்லாம் மூப்புப் பட்டியலில் உள்ள இடத்தைப் பொறுத்தவை. வேறு கம்பனிக்கு மாறினால் இருபது வருட அனுபவம் இருந்தாலும் பட்டியலின் அடியில்தான் தொடங்க வேண்டும். ஆகவே "பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் போ" என்பது இவர்களுக்கு மிகவும் விலைகூடிய ஆலோசனை.

இங்கேதான் வளர்ச்சி என்ற சொல்லுக்கு உண்மையான பணப்பெறுமதி வருகிறது. ஓர் உதாரணம் போடுகிறேன், எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர், கப்டனுக்கு 140 டொலர், மாதம் 75 மணித்தியாலம் உத்தரவாதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 900 மணித்தியாலம். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் வருடம் 45,000 டொலர். புதிய விமானங்கள் வந்து என் நண்பரின் மகன் இரண்டு வருடம் முந்திக் கப்டனானால் அவனுக்கு 90,000 டொலர் இலாபம். வளர்ச்சி இல்லாமல் 5 வீத உயர்வு மட்டும் கிடைத்தால் வருடம் 4,050 டொலர். இளைஞர்கள் விமானங்களுக்கு ஏன் வாக்களிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

அதே கம்பனியில் 58 வயதுக் கப்டன் ஒருவரைப் பாருங்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு ஓய்வு வயது 65. புதிய விமானம் அவர் பதவியை உயர்த்தாது. 5 வீதம் என்றால் வருடம் 6,300 டொலர், ஏழு வருடத்தில் 44,100. அவருக்கு அதுதான் ஒப்பந்தம். ஒரே தாளை இருவரும் வாசிக்கிறார்கள், இரண்டு விடை வருகிறது. சங்கத்துக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி இதுதான்.

நிர்வாகம் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வளராத கம்பனியில் புதியவர்கள் சேரமாட்டார்கள். இருப்பவர்கள் வருடாவருடம் சம்பளப் படியில் ஏறுவார்கள். யாருக்கும் உயர்வு கொடுக்காமலே சராசரிச் செலவு கூடிவிடும். அடுத்த முறை பெரிய நிறுவனம் விலை கேட்கும்போது இந்தக் கம்பனி விலைகூடியதாகத் தெரியும், வேலை இளைய கம்பனிக்குப் போகும். பின்பு அதுவும் முதுமையடையும். வளர்ச்சி தரும் மலிவு தற்காலிகமானது. அதைத் தக்கவைக்க மேலும் வளரவேண்டும்.

இந்த ஓட்டத்தைக் கொம்எயர் கதையில் முழுமையாகக் காணலாம். சின்சினாட்டியைத் தளமாகக் கொண்ட, டெல்ராவுக்கு முழுதாகச் சொந்தமான கம்பனி. 2001 மார்ச் 26 அன்று அதன் சுமார் 1,350 விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 89 நாட்கள் ஒரு விமானமும் பறக்கவில்லை. மேம்பட்ட ஒப்பந்தம் கிடைத்தது. பின்வந்த வருடங்களில் டெல்ரா தன் பிராந்திய வேலையைப் பல கம்பனிகளுக்குப் பங்கிட்டது. 2005 தொடக்கத்தில் கொம்எயர் விமானிகள் சம்பள உறைவுக்குச் சம்மதித்தார்கள். கைமாறாகப் பேசப்பட்டது புதிய விமானங்கள். அதே வருடம் செப்டெம்பர் 14 அன்று டெல்ராவும் கொம்எயரும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரின. மேலும் சம்பளக் குறைப்புக் கேட்கப்பட்டது. 2012 செப்டெம்பர் 29 அன்று கொம்எயர் மூடப்பட்டது.

வேலைநிறுத்தம்தான் கொம்எயரைக் கொன்றது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது அரைக்கணக்காகவே படுகிறது. எரிபொருள் விலை ஏறியபின் 50 ஆசன ஜெற் விமானங்கள் எல்லோருக்கும் சுமையாகின. எக்ஸ்பிரஸ்ஜெற் அப்படியொரு வேலைநிறுத்தம் செய்யவில்லை. 2020 இல் யுனைற்றட் தன் வேலையைக் கொம்யூட்எயருக்குக் கொடுத்ததும் அதுவும் அந்த செப்டெம்பர் கடைசியில் நின்றது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2013 இல் பிஎஸ்ஏ விமானிகள் விட்டுக்கொடுப்புகளை ஏற்றார்கள். 30 புதிய சிஆர்ஜே-900 விமானங்கள் உண்மையிலேயே வந்தன, கம்பனி பெரிதாக வளர்ந்தது. 2014 மார்ச்சில், பின்னர் என்வொய் என்று பெயர் மாறிய அமெரிக்கன் ஈகிள் விமானிகளுக்கு 60 எம்பிரேயர் 175 விமானங்களைக் காட்டி விட்டுக்கொடுப்புக் கேட்கப்பட்டது. சுமார் 70 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். கம்பனி சுருங்கும் என்று எச்சரிக்கை வந்தது, சில விமானங்கள் வேறு கம்பனிக்குப் போயின. ஆனாலும் பின்னொரு உடன்பாட்டோடு அதே வகை விமானங்கள் என்வொய்க்கும் வந்துசேர்ந்தன.

காலமும் மாறியிருந்தது. 2009 பெப்ரவரியில் பஃபலோ அருகே கொல்கன் எயர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானிகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தன. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 பறப்பு மணித்தியாலம் தேவையென்றானது. ஆட்கள் குறைந்தார்கள். 2022 ஜூனில் என்வொயிலும் பீட்மொண்டிலும் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் அறிவிக்கப்பட்டது. விமானம் இருந்தும் ஓட்ட ஆளில்லாத நிலைதான் அதைக் கொடுக்க வைத்தது.

நான் அதிகம் யோசித்த இடம் வேறு. விமானங்களைத் தருவதாக மேசையில் சொல்பவர் பிராந்தியக் கம்பனியின் முகாமையாளர். கொடுக்கும் அதிகாரம் பெரிய நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தின் கையும் கட்டப்பட்டிருக்கிறது: அதன் சொந்த விமானிகளின் ஒப்பந்தம், பிராந்திய ஜெற் 76 ஆசனத்தையும் 86,000 இறாத்தல் எடையையும் தாண்டக்கூடாது, எண்ணிக்கையும் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. கையெழுத்திடுபவர் ஒருவர், கடன்காரர் இன்னொருவர். எங்கள் தொழிலில் இப்படியொரு வருமதியைச் சொத்தாகப் பதிய எந்தக் கணக்காய்வாளரும் விடமாட்டார். சம்பள விட்டுக்கொடுப்போ அடுத்த மாதமே வங்கிக் கணக்கில் தெரியும்.

அது நீடிக்கவும் செய்யும். அமெரிக்காவில் விமானிகளின் ஒப்பந்தம் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவது. அதில் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தத்துக்குத் திறக்கப்படும், புதியது வரும்வரை பழையதே ஓடும். நடுவர் சபை விடுவித்து 30 நாள் கழியாமல் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. ரிபப்ளிக் விமானிகளின் ஒப்பந்தம் 2007 இல் திறந்தது, புதியது நிறைவேறியது 2015 இல்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. வந்த புதிதில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கெழுதினேன். இரண்டாவது கிளை திறக்கும்போது நீதான் முகாமையாளர், அதுவரை இந்தச் சம்பளத்தோடு பொறுத்துக்கொள் என்றார் முதலாளி. மூன்று வருடம் பொறுத்தேன். கிளை திறந்தது. முகாமையாளராக அவருடைய மைத்துனர் வந்தார்.

மகன் அனுப்பிய ஒப்பந்தப் பிரதியை இரண்டு இரவு இருந்து வாசித்தேன். சம்பளப் பக்கத்தில் திகதி, தொகை எல்லாம் துல்லியமாக இருந்தன. விமானங்கள் பற்றிய பந்தியில் எண்ணிக்கை இருந்தது, திகதி இல்லை. வராவிட்டால் விட்டுக்கொடுத்தது திரும்பும் என்று ஒரு வரியும் இல்லை. இல்லை என்று வாக்களி என்று நான் சொல்லவில்லை. அவன் வயதுக்கு அந்த 90,000 பெரிய காசு. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சம்மதமா என்று சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேள் என்றேன். கேட்டிருக்கிறான். நிர்வாகத்திடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்களாம்.