காந்தத்தை உடைத்தால் துருவம் பிரியுமா?



சென்ற தவணையில் நம் பள்ளியின் சட்டக் காந்தம் ஒன்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது. அடி விழுமென்று பயந்து, பையன் இரண்டு நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள், பால் மரம் வெட்டி முடித்த கையோடு அவன் தாயார் காசுடன் வந்து நின்றார். “காசெல்லாம் வேண்டாம் அக்கா, பையனை அனுப்புங்க” என்றேன். வந்தவன் மெதுவாகக் கேட்டான்: “சார், வடக்கு ஒரு துண்டிலேயும் தெற்கு ஒரு துண்டிலேயும் போயிடுச்சா?”

இந்தக் கேள்விக்கு 750 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

1269-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இத்தாலியின் லுசேரா நகரை ஒரு படை முற்றுகையிட்டிருந்தது. அதிலிருந்த பீட்டர் பெரகிரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காந்தக் கல்லின் இரு முனைகளையும் துருவங்கள் என்று அதில் அழைத்தார். கல்லை இரண்டாக்கினால் ஒவ்வொரு துண்டிலும் வடக்கும் தெற்கும் இருப்பதையும் விளக்கினார்.

ஏன் அப்படி? விடைக்கு மேலும் 550 ஆண்டுகள் ஆயின. 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியருகே திசைகாட்டி முள் அசையக் கண்டார். அதையறிந்த பிரான்சின் ஆம்பியர், காந்தத்துக்குள் சின்னஞ்சிறு மின்னோட்டங்கள் வட்டமாகச் சுழல்கின்றன என்றார். எலக்ட்ரான்களே அந்தச் சிறு காந்தங்கள் என்று பின்வந்தோர் கண்டனர்.

சுழலும் வட்டத்தை முன்னால் நின்று பார்த்தால் வலமாகச் சுற்றும். பின்னால் போய்ப் பார்த்தால் இடமாகச் சுற்றும். ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு. தோசையை எவ்வளவு சிறிதாகப் பிய்த்தாலும் இரண்டு பக்கம் இருக்குமல்லவா? ஒரே பக்கமுள்ள தோசையை யாராவது சுட்டதுண்டா? காந்தமும் அப்படித்தான்!

கதை இதோடு முடியவில்லை. ஒற்றைத் துருவம் இருக்கக்கூடும் என்று 1931-இல் இங்கிலாந்தின் டிராக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1982 பிப்ரவரி 14-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கருவியொன்று அதன் அடையாளம் போன்ற ஒன்றை ஒரே ஒரு முறை காட்டியது. மறுபடி காட்டவேயில்லை. விஞ்ஞானிகள் இன்னமும் தேடுகிறார்கள்.

உடைந்த துண்டுகளையும் ஒரு திசைகாட்டியையும் அந்தப் பையனிடமே கொடுத்தேன். “ரெண்டிலேயும் ரெண்டும் இருக்கு சார்!” என்று துள்ளினான்.

பெற்றோர்களே, பிள்ளை எதையாவது உடைத்துவிட்டு நின்றால் உடனே கையை ஓங்காதீர்கள். “உள்ளே என்ன பார்த்தாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேடும் விஞ்ஞானி நாளை நம் தோட்டத்திலிருந்தும் வரலாம்.