புல எண்ணும் புலப்படமும்: தமிழ்நாட்டு நில ஆவணங்களின் வரலாறு

நிலத்தைப் பற்றி ஓர் அரசு அறிய விரும்புவன மூன்று: நிலம் எங்கே கிடக்கிறது, அதன் பரப்பு எவ்வளவு, அதற்கு உரியவர் யார். முதற் கேள்விக்கு வரைபடமும் மற்ற இரண்டுக்கும் பதிவேடும் விடை தருகின்றன. வரைபடம் வரைவோர் ஒரு துறையிலும் பதிவேடு எழுதுவோர் மற்றொரு துறையிலும் இருக்கும் நிலையில், இரண்டும் ஒரே நிலத்தையே குறிக்கின்றன என்பதை ஆண்டுதோறும் உறுதி செய்வது நில நிர்வாகத்தின் மிகக் கடினமான பணியாக இருந்து வந்துள்ளது. 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டிருக்க, ஊர்தோறும் வரப்பு வரப்பாக அளந்து, எண்ணிட்டு, அந்த எண்ணை ஏடுகளில் காத்து வந்த வருவாய் அளவையோ அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. மக்களின் வாழ்வைத் தொட்டது பின்னதே.

நிலத்தை அளந்து ஆவணப்படுத்தும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001-இல் நாடு தழுவிய நில அளவை நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வேலி என்ற நில அளவின் பின்னங்கள் முந்திரி எனப்படும் 1/320, கீழ்முந்திரி எனப்படும் 1/1,02,400 ஆகியவற்றுக்கும் கீழே இறங்கிக் கணக்கிடப்பட்டன. நிலவரியைக் கவனித்த புரவுவரித் திணைக்களம் என்ற அலுவலகத்தில் வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை எனத் தனித்தனிப் பொறுப்புகள் இருந்தன. ஓர் ஊரைக் கொடையாக வழங்கினால், அரசாணை அப்பொறுப்புகளை வகித்த அலுவலர் பலர் கைகளின் வழியே சென்று வரியேட்டில் ஏறிய பின்னரே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அக்கால ஆவணத்தில் நிலம் கிடக்கும் இடம் சொற்களாலேயே சுட்டப்பட்டது. பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கிழக்கில் இன்ன வாய்க்கால், தெற்கில் இன்னாருடைய நிலம் என நான்கெல்லையையும் செப்பேட்டில் எழுதினர். இம்முறையில் ஒரு நிலத்தின் அடையாளம் அதன் அண்டை நிலங்களைச் சார்ந்தே நின்றமையால், வாய்க்கால் திசை மாறினாலோ பக்கத்து நிலம் கைமாறினாலோ எழுத்து பிழையின்றி இருந்தும் பொருள் மங்கிவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க கால அளவைகளும் இந்த ஊர்க் கணக்கு மரபையே நம்பின. செங்கல்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய அளவையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் வீடுகள், ஏரிகள், கோயில்கள், மானியங்கள், விளைநிலங்கள் ஆகியவற்றின் விவரங்களை ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதித் தந்தனர். அவ்வோலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1792-இல் பாராமகால் கம்பெனியின் வசம் வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே புலந்தோறும் அளக்க முற்பட்டனர். இதற்குக் காரணம் அவர்கள் வளர்த்த இரயத்துவாரி முறையில் இருந்தது. ஜமீன்தாரிடம் மொத்தமாக வரி வாங்கும் அரசுக்கு ஊரின் பெயரே போதும். உழவரிடம் நேராக வரி வாங்கும் அரசோ ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும். எனினும் படமில்லாத அக்கணக்குகளைப் பின்வந்தவர்கள் தரையில் பொருத்திப் பார்க்க முடியாமல் திணறினர். தியோடலைட் கருவியும் சங்கிலியும் கொண்ட முறையான வருவாய் அளவை 1858-இல்தான் சென்னை மாகாணத்தில் தொடங்கியது.

அவ்வளவையின் பெருஞ்சாதனை அது நிறுவிய அடுக்குமுறையாகும். மாவட்டம், அதனுள் வட்டம், அதனுள் கிராமம், அதனுள் புல எண் என்று நான்கு படிகளில் எந்த நிலத்தையும் எட்டிவிடலாம். நிலத்துக்கு உரியவர் இறந்தாலும், பயிர் மாறினாலும், அண்டை நிலம் விற்கப்பட்டாலும் எண் மாறுவதில்லை. மூன்று ஊர்களின் எல்லைகள் கூடும் இடங்களில் முச்சந்திக் கற்கள் நடப்பட்டன. ஊருக்கு ஒரு கிராம வரைபடமும், புல எண்ணுக்கு ஒரு பக்கமாகப் புலப்பட நூலும் உருவாயின. அலுவலகங்களில் எஃப்.எம்.பி. என்றே வழங்கும் இப்புலப்பட நூல், தமிழ்நாட்டு நில ஆவணங்களுள் மிகுந்த அறிவோடு அமைக்கப்பட்டது எனலாம்.

அதன் ஒரு பக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் இக்கூற்றின் உண்மை விளங்கும். புலத்தின் குறுக்கே, அதை முக்கோணங்களாகப் பிரிக்குமாறு, அளவையர்கள் ஜி லைன் என்று சொல்லும் நேர்கோடுகள் செல்கின்றன. அக்கோட்டில் இத்தனை லிங்க் சென்றபின் வலப்புறமோ இடப்புறமோ செங்குத்தாக இத்தனை லிங்க் தொலைவில் வரப்பு வளைகிறது என்ற அளவுகள், வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும், கோட்டை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன. இவ்வாறு செங்குத்தாக எடுக்கும் அளவு ஆஃப்செட் எனப்படும். அக்காலச் சங்கிலி 66 அடி நீளமும் 100 லிங்க்குகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும் என்பதால் பரப்பைக் கணக்கிடுவதும் எளிதாயிற்று. இங்கு ஆவணமாக நிற்பவை அந்த அளவுகளே. கோடுகள் அவற்றைக் கண்ணுக்குக் காட்டும் துணை மட்டுமே. தாள் ஈரத்தில் நெளிந்து வெயிலில் சுருங்கினாலும், படியெடுத்தவர் கை நடுங்கினாலும், எழுதிய எண் சுருங்குவதில்லை. அந்த எண்களைக் கொண்டு எவரும், எத்தனை ஆண்டு கழித்தும், அதே புலத்தைத் தாளிலும் தரையிலும் மீண்டும் வரைந்துவிட முடியும்.

படத்தை ஏடுகளோடு பிணைத்ததும் அதே புல எண்தான். நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகை, மண்ணின் தரம், தீர்வை ஆகியவற்றை எண் வரிசையில் தருவது ‘அ’ பதிவேடு. ஒரு பட்டாதாரருக்கு உரிய எண்களையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தருவது சிட்டா. அந்தந்தப் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில், ஒவ்வோர் எண்ணிலும் விளைந்த பயிரைக் காட்டுவது கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கல். ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியில் மேலதிகாரி இக்கணக்குகளை நேரில் தணிக்கை செய்தார். ஒரே செய்தியை நிலத்தின் வழியாகவும், ஆளின் வழியாகவும், ஆண்டின் வழியாகவும் தேடி எடுக்க இவ்வேடுகள் இடம் தந்தன.

நிலம் பாகம் பிரியும்போதுதான் இவ்வமைப்பு உண்மையில் சோதனைக்கு உள்ளானது. 123 என்ற புலம் இரண்டானால் 123/1, 123/2 என்று உட்பிரிவு எண்கள் வரும்; முதலாவது மீண்டும் பிரிந்தால் 1அ, 1ஆ எனவும், அதுவும் பிரிந்தால் 1அ1, 1அ2 எனவும் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் (அலுவலக வழக்கில் இவ்விடத்தில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே இடப்படுகின்றன). நிலம் எந்த நிலத்திலிருந்து பிரிந்தது என்ற மரபுவழி முழுவதும் எண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் உட்பிரிவு முறையாக நிறைவேற, தரையில் அளந்து, புலப்படத்தில் புதுக் கோடு இட்டு, ‘அ’ பதிவேட்டையும் சிட்டாவையும் திருத்தி, வட்ட அலுவலகத்திலும் ஊரிலும் உள்ள படிகள் அனைத்திலும் அதே மாற்றத்தை ஏற்ற வேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் இரண்டு உண்மைகள் பிறந்துவிடும். இதனோடு பத்திரப் பதிவு தனித் துறையாக அமைந்ததும் சேர்ந்துகொண்டது: பதிவகத்தில் கிரயப் பத்திரம் முடிந்த மாத்திரத்தில் புலப்படம் மாறிவிடுவதில்லை, உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு நெடுங்காலம் தனியே மனுச் செய்ய வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாகப் பாகப்பிரிவினை நடந்தும், பட்டாவில் பாட்டனார் பெயரே நிற்கும் குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். அக்குடும்பங்களின் வழக்குகளுக்கு அளவையின் பிழையைவிடப் பராமரிப்பின்மையே மிகுதியும் காரணம் என்று சொல்ல வேண்டும்.

1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வழக்கில் யு.டி.ஆர்., இந்த இடைவெளியை மாநிலம் முழுவதற்கும் ஒரே வீச்சில் அடைக்க முயன்றது. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின. கூட்டுப் பட்டாக்கள் தனிப் பட்டாக்களாயின. அதே காலத்தில், 1980-இல், பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பல ஊர்களில் பரம்பரையாகக் கணக்கெழுதிய கர்ணத்தின் இடத்தில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் நியமிக்கப்பட்டார். எந்த வயல் எவர் அனுபவத்தில் உள்ளது என்ற ஏட்டில் ஏறாத அறிவும் கர்ணத்தோடு அகன்றது. விரைந்து எழுதப்பட்ட ஏடுகளில் பெயர்கள் இடம் மாறின, பரப்புகள் பிறழ்ந்தன, யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரும் மனுக்கள் இன்றும் வருவாய் அலுவலகங்களுக்கு வந்தவண்ணம் உள்ளன. ஆயினும் கணக்கு வீட்டுத் திண்ணையை விட்டு அலுவலகத்துக்கு வந்தது தவிர்க்க முடியாத, நியாயமான மாற்றமே.

பின்னர் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ் நிலம்’ என்ற மென்பொருளில் பதிவேடுகளும், ‘கொலாப்லேண்ட்’ என்ற மென்பொருளில் புலப்படங்களும் கணினிக்கு மாறின. பழைய தாளைப் படமெடுத்து அதன் மேல் கோடு இழுக்கும் வழியை விடுத்து, தாளில் எழுதியிருந்த ஜி லைன், ஆஃப்செட் அளவுகளையே உள்ளிட்டுப் புலத்தைக் கணித்து வரையும் வழியைக் ‘கொலாப்லேண்ட்’ மேற்கொண்டது. ஆகவே அளவையர் சங்கிலியால் அளந்து எழுதிய அளவுகள் தாளின் நெளிவைக் கடந்து கணினிக்குள் சென்றன. இணையத்தில் பட்டா தேடும் ஒருவர் இன்றும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்ற அதே வரிசையிலேயே செல்கிறார்.

தாளில் மறைந்திருந்த ஒரு குறையும் கணினியில் வெளிப்பட்டது. ஒவ்வொரு புலப்படமும் தன்னளவில் சரியாக இருந்தும், புலங்களை அடுத்தடுத்து வைத்துக் கிராமமாகப் பொருத்தும்போது சில இடங்களில் இடைவெளி விழுகிறது, சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது. புலத்துக்குப் புலம் வெவ்வேறு ஆளும் வெவ்வேறு நாளுமாக அளந்ததன் விளைவு இது. நிலத்துண்டின் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு 14 இலக்க அடையாளம் தரும் இந்திய அரசின் திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. அந்த அடையாளம் தரையில் பொருந்த வேண்டுமானால், முச்சந்திக் கற்களையும் புல எல்லைக் கற்களையும் இருந்த இடத்தில் கண்டு, செயற்கைக்கோள் துணையால் ஆயத்தொலைவுகளை எடுத்து, பழைய அளவுகளை அவற்றோடு இணைக்க வேண்டும். அக்கற்களைப் பேணும் கடமையை 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் நிலத்துக்கு உரியவர் மீதே சுமத்தியுள்ளது. கிராம நிர்வாக அலுவலர் அவற்றைப் பார்வையிட்டு, காணாமற்போனவற்றைப் பற்றி அறிக்கை தர வேண்டும். உழவின்போது பெயர்த்தெறியப்பட்ட கல்லும், சாலை அகலமாக்கும்போது புதைந்த கல்லும் பல ஊர்களில் மீண்டும் நடப்படாமலே இருக்கின்றன.