தைராய்டு காசநோய்: எந்தச் சான்று போதும்?

காசநோய்க் கிருமி தைராய்டு சுரப்பியை அரிதாகவே தாக்குகிறது. சுரப்பியின் மிகுந்த இரத்த ஓட்டம், அங்குச் செறிந்துள்ள அயோடின், கூழ்மத்தின் கிருமி எதிர்ப்புத் தன்மை எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும் எதுவும் உறுதியாக நிறுவப்படவில்லை. லெபர்ட் 1862இல் இந்நோயை முதலில் பதிவுசெய்தார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1920 முதல் 1931 வரை அறுத்தெடுக்கப்பட்ட 20,758 தைராய்டுகளில் 21இல் மட்டுமே காசநோய் இருந்ததாக ரேங்கினும் கிரகாமும் கண்டனர். இந்தியாவில் தாஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி வழி எடுத்த 1,283 மாதிரிகளில் 8 காசநோயாக இருந்தன. அரிது என்பது உண்மை. ஆனால் அரிது என்பதாலேயே இது புற்றுநோய் என்ற ஐயத்தில் அறுவை மேசைக்குப் போகிறது. ஆறு மாத மாத்திரைகளில் குணமாகக்கூடிய நோய்க்காக ஒருவர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுதும் தைராக்சின் உட்கொள்ள நேர்வது மருத்துவத்தின் தோல்வி என்றே கருதுகிறேன்.

இத்தோல்விக்கு நோயறிதல் விதிகளும் ஒரு காரணம். சீட் 1939இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: சுரப்பிக்குள் அமிலம் தாங்கும் கிருமி காணப்பட வேண்டும், சுரப்பி நசிந்தோ சீழ்பிடித்தோ இருக்க வேண்டும், உடலில் வேறோர் இடத்திலும் காசநோய் இருக்க வேண்டும். மூன்றாவதை இன்று கைவிடுவதே முறை. நுரையீரல் படம் தெளிவாக இருந்தும் கழுத்துக் கட்டி மட்டுமே நோயாக வெளிப்பட்ட பலர் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர். முதல் நிபந்தனை கொள்கையளவில் சரியானதே; ஆனால் நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். தைராய்டுத் திசுவில் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை.

அதற்காக விதிகளை முற்றிலும் தளர்த்திவிட முடியாது. காசநோய் மலிந்த நாட்டில் கிரானுலோமா எனும் அழற்சிச் செல் திரட்டைப் பார்த்ததுமே மருந்து தொடங்கும் பழக்கமும் தீங்கானதே. டி குவெர்வைன் தைராய்டு அழற்சியிலும் கிரானுலோமாவும் பலகரு உயிரணுக்களும் உண்டு. அதில் கழுத்து தொட்டாலே வலிக்கும், ஈ.எஸ்.ஆர். மிக உயர்ந்திருக்கும், பாலாடைக்கட்டி போன்ற நசிவு இராது. சார்கோய்டோசிஸையும் விலக்கியாக வேண்டும். அல்ட்ராசவுண்டோ ஐசோடோப் ஸ்கேனோ இங்கே தீர்ப்புச் சொல்லாது. காசநோய்க் கட்டியும் புற்றும் இரண்டிலும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். குரல் கம்மினால்கூட அது புற்றுதான் என்று முடிவுகட்ட இயலாது. ஹார்மோன் அளவுகளோ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

ஆகவே சான்று கிருமியிடமிருந்தே வர வேண்டும். அதுவும் கத்திக்கு முன், ஊசி வழியாக. ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கும் எஃப்.என்.ஏ.சி. செய்யும்போது உறிஞ்சியது முழுவதையும் கண்ணாடித் தகட்டில் பரப்பிவிடுவதே வழக்கம். சீழ் வந்தாலோ நசிவு தென்பட்டாலோ மீண்டும் ஒருமுறை உறிஞ்சி, அந்தப் பகுதியை உப்புநீரில் இட்டு சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மூலக்கூறு சோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். சிபிநாட்டில் பயன்படும் எக்ஸ்பெர்ட்டின் முதல் வடிவம் மில்லிலிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமிகளையும், அதன் அடுத்த வடிவமான அல்ட்ரா ஏறக்குறைய 16ஐயும் கண்டுபிடிக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதையும் உடனே காட்டும். அறுவை தவிர்க்க முடியாமல் போனாலும், திசு முழுவதையும் ஃபார்மலினில் போடலாகாது. போட்டால் கிருமி இறந்துவிடும். வளர்ப்புக்கு வழியில்லை, மருந்து எதிர்ப்பை அறியும் வாய்ப்பும் பெரிதும் குறைந்துவிடும்.

மூலக்கூறு சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. நசிவுள்ள கிரானுலோமா இருந்து, பிற காரணங்களும் விலக்கப்பட்டிருந்தால் சிகிச்சை தொடங்கலாம். ஏற்கெனவே தைராக்சின் உட்கொள்பவருக்கு ரிஃபாம்பிசின் அந்த ஹார்மோனை விரைந்து வெளியேற்றும் என்பதால் டி.எஸ்.எச். அளவைப் பார்த்து தைராக்சின் அளவைக் கூட்ட நேரலாம். சிகிச்சை தொடங்கியபின் கட்டி சுருங்குகிறதா என்று தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும். சுருங்காவிட்டால் மருந்து எதிர்ப்பை மட்டும் ஐயுறுவது போதாது. அதே சுரப்பியில் பாப்பிலரி புற்றும் உடனிருந்த நோயாளிகள் பதிவாகியிருப்பதால், மறுபடி ஊசி போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.