முலாம்பழமும் மீசையும்

தன்னைப் பற்றியே எழுதுகிறானே என்று எழுத்தாளனைப் பழிப்பவர்கள் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மான்டெய்ன் ஞாபகம் வந்துவிடும்.

பிரெஞ்சு தேசத்துப் பிரபு அவர். போர்தோ நகரத்தில் வகித்த நீதிபதிப் பதவியைத் துறந்து, 1571-ல், 38-வது வயதில், தம் மாளிகைக் கோபுரத்தில் சுமார் ஆயிரம் புத்தகங்களோடு ஒதுங்கினார். எழுதியது ராஜாக்களின் கதையல்ல; தம் கதை. முலாம்பழத்தில் தமக்குள்ள மோகம், அவசரமாகச் சாப்பிட்டு நாக்கையும் விரலையும் கடித்துக்கொள்ளும் பழக்கம், மீசையில் தங்கிவிடும் வாசனை, சிறுநீரகக் கல்லின் வேதனை எதையும் ஒளிக்கவில்லை. தாம் பூனையோடு விளையாடுகிறோமா, பூனை தம்மோடு விளையாடுகிறதா என்றுகூட அவருக்குச் சந்தேகம்! 1580-ல் முதல் பதிப்பு வந்தது. 1592-ல் சாகும்வரை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

வெறும் அரட்டைதானா இது? கோபுரத்துக்கு வெளியே கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். 1572-ல் பாரிஸில் தொடங்கிய படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தான் சொல்வதே சத்தியம் என்று அவனவன் வாளெடுத்த அந்த நாளில், தமக்கு என்னதான் தெரியும் என்று தம்மையே கேட்டுக்கொண்டார் இவர். 1676-ல் ரோமாபுரித் திருச்சபை அவர் நூலைத் தடை செய்தது. வாசகர்கள் அவரை விடவில்லை.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. தன் முலாம்பழ ஆசையைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறவனுக்கு, அடுத்த வீட்டுக்காரன் பலாப்பழம் தின்றால் கோபம் வருவதில்லை.