கோடுகள் காத்த நகரம்

பழைய இங்கிலாந்தின் நகரத் தோற்றங்களை நமக்குக் காட்டும் பேனா மை ஓவியங்களுள், ஃபிளெமிய ஓவியர் அந்தோனிஸ் வான் டென் வைங்கார்டே ஏறத்தாழ 1544-இல் தீட்டிய இலண்டன் நெடுங்காட்சி தனிச்சிறப்பு வாய்ந்தது. பல தாள்களை இணைத்து, சுமார் 10 அடி நீளத்திற்கு விரியும் அவ்வோவியம் ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தேம்ஸ் நதியின் தென்கரையில் உயரமான ஓரிடத்தில் நின்று நோக்குவதுபோல், மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கிழக்கே கிரீனிச் வரை நகர் நம் கண்முன் விரிகிறது.

வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் மேலாக ஓங்கி நிற்பது பழைய புனித பவுல் பேராலயத்தின் கூர்ங்கோபுரம். 1561-ஆம் ஆண்டு இடி விழுந்து அது எரிந்தது, மீண்டும் எழுப்பப்படவில்லை. 1666-இல் மூண்ட பெருந்தீயில் பேராலயமும் அழிந்தது. இன்று அங்கே நாம் காண்பது கிறிஸ்டோபர் ரென் கட்டிய குவிமாடக் கோவிலே. கல்லாலான கோபுரம் மறைந்தது. தாளில் இட்ட கோடு நிலைத்தது.

ஓவியத்தின் முன்பகுதியில் நிற்பது தூய மரியா ஓவரி மடத்தின் ஆலயம். எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1540 வரை துறவு மடங்களைக் கலைத்தபோது, 1539-இல் இதன் துறவிகளும் வெளியேறினர். ஓவியர் வரைந்தபோது மடத்தின் செபக்குரல் ஓய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. பங்கு ஆலயமாகிப் பிழைத்த அக்கோவில், 1905 முதல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சதர்க் பேராலயமாக விளங்குகிறது.

அதனருகே வீடுகளைச் சுமந்தவாறு நதியைக் கடக்கிறது இலண்டன் பாலம். திருச்சபையின் தலைமை மன்னருக்கே உரியது என ஏற்க மறுத்த ஆயர் ஜான் ஃபிஷரின் தலையும், தாமஸ் மோரின் தலையும் 1535-இல் இப்பாலத்தின்மேல்தான் காட்சிக்கு வைக்கப்பட்டன. தந்தையின் தலையை மகள் மார்கரெட் மீட்டுச் சென்றார். நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1935-இல், இருவரையும் திருச்சபை புனிதர்களாக உயர்த்தியது.

ஓவியர் எவரையும் புகழவில்லை, பழிக்கவுமில்லை. கண்டதை உண்மையாக வரைந்தார். அவர் பணி அதனோடு நிறைவுற்றது. பாலத்தை அவர் கோடு காட்டும். அதன்மேல் நிகழ்ந்ததை அது கூறாது. அதனை அறிந்து, நினைவில் இருத்தி, நம் பிள்ளைகளுக்கு உரைப்பது ஓவியத்தை நோக்கும் நம் கடமையன்றோ?