கைப்பிடி அரிசியில் ஒரு குடியரசு

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சின்னக் குடியரசைப் பத்தி. அதுக்குக் கொடி கிடையாது, படை கிடையாது, உலக வரைபடத்துல இடமும் கிடையாது. ஆனால் வரி இருந்தது, கஜானா இருந்தது, வழக்கு விசாரிக்க ஒரு சபை இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. அது இருந்த ஊருக்கு அப்போ விருதுபட்டின்னு பேர். 1923-ல்தான் அது விருதுநகர் ஆனது.

‘சின்னக் குடியரசு’ங்கிற சொல்லை நானா எடுத்துக்கலை. 1830-ல் சார்லஸ் மெட்கால்ஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று எழுதினார். அரசர்கள் வருவார்கள், போவார்கள். கிராமம் மட்டும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது அவர் வாதம். காந்திக்குக் கிராம சுயராஜ்யத்தில் நம்பிக்கை இருந்தது. அம்பேத்கருக்கு இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தைப் போற்றும் அந்தப் பார்வையை அவர் கடுமையாக மறுத்தார். இந்த ரெண்டு பேர்ல யார் சொன்னது சரி? எங்க மாவட்டத்தோட வரலாற்றை வச்சே பார்க்கலாம்.

1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிஞ்சது. அதுக்கப்புறம் தெற்கே திருநெல்வேலிச் சீமையில் இருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, கருவாடு, உப்புன்னு மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு கரிசல் பூமிக்கு வந்தாங்க. வழியில கள்ளர் பயம். வண்டியும் சரக்கும் ராத்திரி பத்திரமா நிக்கறதுக்கு மதில் வச்ச வளாகம் கட்டினாங்க. அதுதான் ‘பேட்டை’. பேட்டையைச் சுத்திக் கடைகள் வந்தன, பிறகு வீடுகள், பிறகு ஊர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறும் இப்படி வளர்ந்த ஊர்கள்.

இங்கே ஒன்றை மனசுல வச்சுக்கணும். இவங்க இந்தப் பகுதியில சிறுபான்மை. கையில காசு இருந்தாலும் கோயிலுக்குள்ள போக முடியாது. மேல் சாதின்னு சொல்லிக்கிட்டவங்க இவங்களைத் தீட்டுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. ஊர்ப் பொது விஷயத்துல இடம் இல்லாதவங்க, தங்களுக்குன்னு ஒரு பொது விஷயத்தை உண்டாக்கிக்கிட்டாங்க. அதோட பேர் உறவின்முறை.

உறவின்முறை எப்படி வேலை செய்தது? முதல்ல வரி. பேட்டையில் வாங்குகிற, விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவுக்குப் பிடிப்பார்கள். அதுக்கு மகமைன்னு பேர். பெரிய வியாபாரிக்கு அதிகம், சின்ன வியாபாரிக்குக் குறைவு. வியாபாரம் எவ்வளவோ அவ்வளவு வரி. சேர்ந்த பணம் பேட்டைக் காவலுக்கு, கிணற்றுக்கு, கோயிலுக்கு, திருவிழாவுக்குப் போகும்.

அடுத்து நிர்வாகம். பொறுப்பில் இருந்தவர்களுக்கு முறைகாரர்கள் என்று பெயர். அந்தச் சொல்லே விஷயத்தைச் சொல்லிடுது பாருங்க. ஒருத்தர் முறை முடிஞ்சா அடுத்தவர் முறை. கூட்டம் போட்டுப் பேசித் தீர்மானிப்பார்கள். கடன் தகராறு, சொத்துத் தகராறு, கல்யாணத் தகராறு எல்லாம் அங்கேதான் போகும். கட்டுப்படாதவருக்கு அபராதம். அதுக்கும் மசியலைன்னா விலக்கி வைப்பார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். போலீஸ் இல்லாத குடியரசுக்கு அதுதான் போலீஸ்.

மூணாவது கணக்கு. பொதுப்பணத்துக்குப் பொதுவில் கணக்குக் காட்டணும். இது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாதுன்னு அதில் விதி இருக்கு. ஆயிரம் வருஷ இடைவெளி. அது பிராமணர் சபை, இது கோயிலுக்குள் விடப்படாத வணிகர் சபை. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு நான் சொல்ல வரலை. பொதுப்பணம்னு ஒன்னு வந்தா அங்கே கணக்குங்கற கேள்வியும் வந்துடும், அவ்வளவுதான்.

இப்போ பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1880களில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. அதுக்கு மகமைப் பணம் போச்சு. கூடவே பிடி அரிசியும் போச்சு. தினமும் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியா போட்டு வைப்பாங்க. அதை வீடு வீடாகச் சேகரித்து, விற்று, பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஒரு கைப்பிடி குறைஞ்சா யாருக்கும் வயிறு காயாது, ஆனா ஊர் முழுக்கச் சேர்ந்தா வாத்தியார் சம்பளம். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் 1903-ல் பிறந்த காமராஜர். பிற்காலத்தில் முதலமைச்சராக அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் ஊர் ஊராக மக்களிடம் நன்கொடை திரட்டித்தான் நடத்தினார்கள். பிடி அரிசி பார்த்து வளர்ந்த ஒருத்தருக்கு அது அந்நியமான யோசனையா இருந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது.

இந்தச் சின்னக் குடியரசுகளுக்கு வெளியே இருந்த உலகம் சும்மா இருந்ததா? இல்லை. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் தோற்றார்கள். இதற்கிடையில் 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தத் தாக்குதலின் வேரிலும் சிவகாசி சிவன் கோயிலுக்குள் போகும் உரிமைக் கேள்வி இருந்தது. அப்படி அடிபட்டும் ஊர் மறுபடி எழுந்து நின்றது. இருபதே வருஷங்கள் சொச்சத்தில், 1922-ல், பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியில் இருந்து பட்டாசு, பட்டாசில் இருந்து அச்சகம்.

இதுவரைக்கும் கேட்டா மெட்கால்ஃப் ஜெயிச்சுட்டார்னு தோணும். இப்போ அம்பேத்கர் பக்கம் இருந்து ஒரு கேள்வி கேட்போம். இந்தக் குடியரசுல குடிமகன் யாரு?

உறவின்முறையில் உறுப்பினர் என்றால் அந்தச் சாதியில் பிறந்த, மணமாகிக் குடும்பத் தலைவரான ஆண். தினமும் கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பெண்ணுக்குச் சபையில் குரல் இல்லை. அதே தெருவில் மூட்டை தூக்கிய, வண்டி ஓட்டிய, தெருக் கூட்டிய வேறு சாதிக்காரர்களுக்கு உள்ளே இடமே இல்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய வீட்டுக்கும் ஒரு வாசற்கதவு இருந்தது. இதைக் குறை சொல்றதுக்காகச் சொல்லலை. தற்காப்புக்காகக் கட்டின அமைப்பு அது. ஆனா மகமையும் கணக்கும் எவ்வளவு நல்லா இருந்தாலும், பிறப்பால மட்டுமே உள்ளே வர முடியும்னா அது பாதிக் குடியரசுதான்.

அந்தக் கதவைத் திறந்தது ஊர் இல்லை, அரசியல் சட்டம். 1952 பொதுத்தேர்தலில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. சாதி கேட்கவில்லை, வரி கேட்கவில்லை, ஆணா பெண்ணா கேட்கவில்லை. அதனுடைய பலம் என்னன்னு 1967-ல் விருதுநகரே காட்டியது. நாடே அறிந்த தலைவர், சொந்த ஊர், சொந்த சனம். எதிரே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1,285 வாக்குகளில் காமராஜர் தோற்றார். அந்த முடிவு எனக்கும் வருத்தம்தான். ஆனால் சொந்த ஊர்ல ஒரு பெரிய மனுஷனை ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்க முடியும், அவரும் அதை ஏத்துக்குவார் என்பது எந்த உறவின்முறையாலும் தர முடியாத ஒன்று.

சட்டம் திறந்தாலும் எல்லா ஊரிலும் கதவு திறந்துடலை. 1996-ல் சில ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நாலு ஊரிலும் பத்து வருஷம் அந்தப் பதவி நிலைக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. ஊர்க் கட்டுப்பாடு! மேலே சொன்னேனே, போலீஸ் இல்லாத குடியரசோட போலீஸ்னு, அதே கட்டுப்பாடுதான். ஓர் ஊரில் பள்ளிக்கூடம் கட்டிய ஒற்றுமை இன்னொரு ஊரில் ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுத்தது. 2006 அக்டோபரில்தான் நாலு ஊரிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

பட்டாசுப் பகுதிக்கு வந்தால் கேள்வி வேறு மாதிரி வரும். ஆலைக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பு, அல்லது மாவட்ட நிர்வாகம். மருந்து கலக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும். 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உத்தரவு மேலிருந்து வருது. உயிரைப் பணயம் வைக்கிற ஊரோட குரல் அந்த முடிவுகளில் எங்கே இருக்கு?

குரல் கொடுக்க ஓர் இடம் சட்டத்தில் இருக்கு. 1994 ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை. அதில் அந்த ஊராட்சியின் வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். சாதி, வருமானம் எதுவும் கேட்பதில்லை. 2016 முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. பிடி அரிசி எடுத்து வைத்த பெண்ணின் கொள்ளுப்பேத்தி இன்னைக்குத் தலைவரா உட்காரலாம். பல ஊர்களில் அவர் கணவர்தான் பேசுறார் என்பதும் உண்மைதான்.

பழைய உறவின்முறையிடம் நாம் வாங்கிக்க வேண்டியது ரெண்டு: பொதுவுக்குக் கொடுக்கிற பழக்கம், கொடுத்ததுக்குக் கணக்குக் கேட்கிற பழக்கம். விட்டுவிட வேண்டியது அந்த வாசற்கதவு.

அடுத்த கிராம சபை உங்கள் ஊரில் எப்போ? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் வழக்கமா உண்டு. ஒரு தடவை போய், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.