ஒரு பகல் தூரத்தில் மதுரை

மதுரையில் திருமலை நாயக்கர் உணவருந்த அமரும் முன், திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிகாலப் பூசை முடிந்துவிட்டதா என்று அறிந்துகொள்வாராம். பூசை முடிந்ததும் கோயில் மணி ஒலிக்கும்; அது கேட்டு அடுத்த மண்டபத்து மணி ஒலிக்கும்; மண்டபம் மண்டபமாக ஒலி அரண்மனை சேரும். எங்கள் பக்கத்துக் கிழவிகள் அனைவரும் அறிந்த கதை. இதில் உண்மை எவ்வளவு என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் பழைய சாலையோரம் அத்தகைய மண்டபங்கள் சில இன்றும் நிற்கின்றன.

1623 முதல் 1659 வரை ஆண்ட அம்மன்னருக்கு ஒலி ஒரு வேளைக்குள் வந்து சேர்ந்தது. மனிதர்களுக்கோ அது இரண்டு நாள் மாட்டுவண்டிப் பயணம். காலையில் போய் இரவில் வீடு திரும்பும் ஊராக மதுரை இருக்கவில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை இருப்புப்பாதை 1876இல் வந்துவிட்டது. அது விருதுபட்டி, சாத்தூர் வழியாகச் சென்றது. மலையடிவார ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே போய்த்தான் ரயிலேற வேண்டும். ஐம்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அதற்குள் விருதுபட்டி விருதுநகராகிவிட்டது. 1927இல் விருதுநகர் – தென்காசி கிளைப்பாதை திறக்கப்பட்டபோதுதான் சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் மூன்றுக்கும் மதுரை ஒரு பகல் தூரத்துக்குள் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயக்கரின் மணிகள் ஒலித்த வழி கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என வடக்கு நோக்கிச் செல்வது. ஆண்டாள் சூடிய மாலை சித்திரைதோறும் கள்ளழகருக்குப் போகும் திசையும் அதுவே. ரயில் அந்த வழியைக் கொள்ளவில்லை. கிழக்கே திரும்பி, சிவகாசியைத் தொட்டு, பருத்திக்கும் வத்தலுக்கும் பேர்போன விருதுநகர்ச் சந்தையில் போய்ச் சேர்ந்தது. மறுமுனை தென்காசியில், 1904 முதல் கொல்லம் வரை ஓடிய பாதையோடு இணைந்தது. அரசரும் ஆண்டாளும் ஒரு வழி, வணிகம் ஒரு வழி. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1936இல், இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியதை இந்த வணிக வழியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை.

வழி இப்படி அமைந்ததில் விடுபட்டவர்கள் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, பிளவக்கல் பக்கத்தவர்கள். பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள் பிற்பாடு இங்கே எழுந்தன. ரயில் மட்டும் வரவில்லை. மீட்டர்கேஜ் பாதை 2004ஐ ஒட்டி அகலமானபோதும் எங்கள் ரயில் நிலையம் திருவில்லிபுத்தூரேதான்.

ஆயினும் ஒருமுறை ரயிலேறிவிட்டால் மதுரையைப் பார்க்க வேறு வாகனம் வேண்டாம். காலையில் செங்கோட்டையிலிருந்து வரும் வண்டியில் சென்று இறங்கினால், நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்தவர்கள் தங்கிய சத்திரத்தின் வாசலில் ரயில் வந்து நின்றிருக்கிறது! 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்தவை வெளிவீதிகள். மேலவெளி வீதியைக் கடந்து டவுன்ஹால் சாலையில் நடந்தால் கால்மணி நேரத்தில் மேற்குக் கோபுரம்.

அக்கோபுரத்தை எங்கள் ஊரார் சற்று ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்கள். தமிழக அரசு முத்திரையில் இருப்பது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது எங்கள் பள்ளிப் பாடம். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவோ மதுரைக்காரர், அவர் மாதிரியாகக் கொண்டது இந்த மேற்குக் கோபுரத்தையே என்றும் சொல்லப்படுகிறது. வழக்கை யார் தீர்ப்பது? பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன், ஒன்பது நிலைக் கோபுரத்தின் கீழ் நின்று நிலைகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் கோயிலைச் சுற்றி ஒன்றையொன்று தழுவி அமைந்தவை. தேர் இழுப்போரின் காலடிக்கு அளவெடுத்த நகரம் நடப்பவனுக்கு எளிதாக இருப்பதில் வியப்பில்லை. 1636இல் எழுந்த நாயக்கர் மகாலும் நடைதூரத்தில்தான். உச்சிவேளையில் அந்தத் தூண்களுக்கிடையே நின்றேன். வெளியே ஆட்டோக்களின் இரைச்சலில் எந்த மணியும் கேட்கவில்லை.

மாலை வண்டியில் திரும்பினால் இருட்டிய பிறகு திருவில்லிபுத்தூர். நிலையம் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பேருந்து நிலையம் வரை நடந்து, வத்திராயிருப்புப் பேருந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.